சென்ட்ரல் லாக் மக்கர் செய்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். கதவு பூட்டவில்லை என்று வருகிறவர்கள் பலர், "மோட்டார் போயிடுச்சு, புதுசு போடுங்க" என்று தீர்ப்பையும் கையோடு கொண்டு வருவார்கள். கழற்றிப் பார்த்தால் மோட்டார் நன்றாகவே இருக்கும். ஒயர் அறுந்திருக்கும், அல்லது பேட்டரி தளர்ந்திருக்கும். எதையும் வாங்கும் முன் கோளாறு எங்கே என்று பார்த்துவிட வேண்டும். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொல்லங்கோட்டுக்காரரும் ஆரல்வாய்மொழிக்காரரும் திரும்பத் திரும்பக் கேட்பதை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, இந்த சென்ட்ரல் லாக் எப்படித்தான் வேலை செய்யுது?

ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன 12 வோல்ட் டிசி மோட்டார் இருக்கிறது. அதற்கு இரண்டே ஒயர். ஒன்றில் பிளஸும் மற்றதில் மைனஸும் வந்தால் ஒரு பக்கம் சுற்றிப் பூட்டும். மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றித் திறக்கும். மின்சாரம் பாய்வது ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பெரும்பாலான கார்களில் அந்த இரண்டு ஒயரும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வழியாக எர்த்தில், அதாவது மைனஸான வண்டிப் பாடியில், சேர்ந்து சும்மா கிடக்கும். ரிலேக்களுக்கு உத்தரவு போடுவது, கம்பெனி லாக் என்றால் பிசிஎம் எனும் பாடி கண்ட்ரோல் மாட்யூல். வெளியில் போட்டது என்றால் டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கிட் பெட்டி.

ஓட்டுநர் கதவில் மட்டும் ஒயர் அதிகம் இருக்கும். கதவு பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று மாட்யூலுக்குச் சொல்லும் சின்ன ஸ்விட்ச் அதற்குள் உண்டு. அதனால்தான் வெளியில் போடும் கிட்டில் ஓட்டுநர் கதவுக்கு ஐந்து ஒயர் மோட்டாரும் மற்ற கதவுகளுக்கு இரண்டு ஒயர் மோட்டாரும் வருகின்றன.

லாக் வேலை செய்யலைன்னா முதல்ல எதைப் பாக்கணும்?

ஒரு கதவா, எல்லாக் கதவுமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எல்லாக் கதவும் நின்றுபோனால் பியூஸ், பேட்டரி, எர்த், ரிலே, மாட்யூல் என்று பொதுவான இடங்களில் தேட வேண்டும். ஒரே ஒரு கதவு என்றால் அந்தக் கதவின் ஒயர், மோட்டார், லாச் (கதவைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி) தவிர வேறெங்கும் போக வேண்டியதில்லை. நான்கு மோட்டாரும் ஒரே நாளில் சாகாது.

அடுத்தது காது. கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து லாக் ஸ்விட்ச்சை அமுக்கிக் கேளுங்கள். டேஷ்போர்டில் 'டிக்' என்று ரிலே சத்தம் வந்து கதவு ஊமையாக இருந்தால், உத்தரவு போகிறது, கதவுக்குச் சேரவில்லை. கதவுக்குள் 'கிர்ர்' என்று சுற்றும் சத்தம் வந்தும் லாக் அசையவில்லை என்றால் மின்சாரம் சரி, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. எங்கேயும் எந்தச் சத்தமும் இல்லை என்றால் பியூஸிலிருந்து தொடங்குங்கள்.

பியூஸ் எது, எப்படிக் கண்டுபிடிக்க?

பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கப் படத்திலோ கார் கையேட்டிலோ 'டோர் லாக்' என்று போட்டிருக்கும். நிறம் பார்த்தால் அளவு தெரியும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. வெளியில் போட்ட கிட் என்றால் இந்தப் பெட்டியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதன் பியூஸ் பிளஸ் ஒயரிலேயே ஒரு சின்ன ஹோல்டரில் தொங்கிக் கொண்டிருக்கும்.

கண்ணால் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தலைமுடி அளவு விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்து, சிவப்பு முனையால் இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் வந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் வந்தால் போய்விட்டது.

என்ஜின் ஓடும்போது லாக் நல்லா அடிக்கு, நிறுத்தினா சவசவன்னு இருக்கு. ஏன்?

என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை தருகிறது. நிறுத்தினால் பேட்டரி மட்டும்தான். வண்டியைச் சில மணி நேரம் ஓட்டாமல் விட்டு அளந்தால், முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே என்றால் கதவைத் தொடவே வேண்டாம், பேட்டரியைக் கவனியுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் இப்படி என்றால், வழியில் எங்கோ தடை இருக்கிறது. டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கும், அல்லது எர்த் ஒயர் பாடியில் முறுக்கிய போல்ட் துருப்பிடித்திருக்கும். கடற்கரை வண்டிகளில் நான் முதலில் தேடுவது எர்த் போல்ட்டைத்தான்.

ரிமோட் அமுக்கினா இண்டிகேட்டர் மின்னுது, கதவு மட்டும் பூட்ட மாட்டக்கு. ரிமோட்டா கோளாறு?

இல்லை. இண்டிகேட்டர் மின்னியது என்றால் ரிமோட் பேசிவிட்டது, மாட்யூல் கேட்டும்விட்டது. கோளாறு அதற்குப் பிறகு. உள்ளே இருக்கும் லாக் ஸ்விட்ச்சில் அமுக்கினால் பூட்டுகிறது, ரிமோட்டில் மட்டும் பூட்டவில்லை, விளக்கும் மின்னவில்லை என்றால்தான் ரிமோட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

ரிமோட் செல்லை மாத்தியும் வேலை செய்யலையே?

பல ரிமோட்டில் இருப்பது சிஆர்2032 எனும் 3 வோல்ட் செல். புதியதே கடையில் பல வருடம் தூங்கியிருக்கலாம். அளந்து பாருங்கள், 3 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். செல்லைப் பிடிக்கும் தகடு வளைந்து தொடாமல் நிற்பதும், சட்டைப் பையில் வியர்வை ஏறி பலகையில் பச்சை பிடிப்பதும் உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யாவிட்டால், ரிமோட்டும் காரும் ஒத்திசைவை இழந்திருக்கலாம். ஒவ்வொரு அமுக்குக்கும் ரிமோட் ஒரு புதுக் குறியீட்டை அனுப்புகிறது. காரில்லாத இடத்தில் குழந்தை உட்கார்ந்து அமுக்கிக் கொண்டே இருந்தால் ரிமோட் முன்னே ஓடிவிடும், கார் பின்தங்கிவிடும். பல கார்களில் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அமுக்கினாலே சேர்ந்துவிடும். இல்லையென்றால் கையேட்டில் சொன்னபடி இக்னிஷனில் சாவி போட்டுச் சேர்க்க வேண்டும்.

டிவி ரிமோட் மாதிரி மொபைல் கேமராவில காட்டிப் பாத்தா தெரியுமா?

தெரியாது. டிவி ரிமோட் அனுப்புவது அகச்சிவப்பு ஒளி, அதனால் பல மொபைல் கேமராக்களில் தெரிகிறது. இன்றைய கார் ரிமோட் அனுப்புவது ரேடியோ அலை. இங்கே பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அளவில். கேமராவில் ஒன்றும் தெரியவில்லை என்று நல்ல ரிமோட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

கதவைத் திறந்து வச்சு அமுக்கினா பூட்டுது, சாத்தினா பூட்ட மாட்டக்கு. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு!

பேயெல்லாம் இல்லை. கதவுக்கும் பாடித் தூணுக்கும் நடுவே, கீல் பக்கத்தில் ஒரு ரப்பர் உறை மடிந்து கிடக்கும். கதவுக்குப் போகும் எல்லா ஒயரும் அதற்குள்தான் போகிறது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்த ஒயர்கள் வளைந்து நிமிர்கின்றன. வருடக்கணக்கில் வளைந்து, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேல் தோல் அப்படியே இருக்கும், அதனால் பார்த்தாலும் தெரியாது. ஒரு கோணத்தில் அறுந்த முனைகள் தொடும், இன்னொரு கோணத்தில் விலகும். அதிகம் திறந்து மூடும் ஓட்டுநர் கதவில்தான் இது அதிகம். ஹேட்ச்பேக் காரில் டிக்கிக் கதவுக்கும் மேலே இதே மாதிரி உறை உண்டு. அங்கே அறுந்தால் பின் வைப்பரும் நம்பர் பிளேட் விளக்கும் சேர்ந்து படுக்கும்.

உறுதி செய்வது எளிது. அதே உறையில் பவர் விண்டோ, ஸ்பீக்கர், மிரர் ஒயர்களும் போகின்றன. லாக்கோடு சேர்ந்து ஸ்பீக்கரும் கரகரக்கிறது, கண்ணாடியும் நின்று நின்று ஏறுகிறது என்றால் கோளாறு உறைக்குள்ளேதான். உறையின் ஒரு பக்கத்தைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் மெல்ல இழுங்கள். முறிந்த ஒயர் ரப்பர் போல நீளும், நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும்.

சரிசெய்யும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முறிந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் கொஞ்ச நாளில் திரும்ப வரும். அங்கேயே ஈயம் வைத்துப் பற்றினாலும் அதே கதைதான், பற்றிய இடம் விறைப்பாகி அதன் ஓரத்தில் முறியும். வளையும் பகுதி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, அதே தடிமனில் இழை அதிகமுள்ள மெல்லிய வளைவு ஒயரைப் போட்டு, இணைப்புகளைக் கதவின் உள்ளேயும் தூணின் உள்ளேயும் வர வைக்க வேண்டும். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் முண்டாகி உறை ஏறாது. முன்னே பின்னே வையுங்கள், மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போடுங்கள். வேலை நேரம் பிடிக்கும், கூலியும் அதற்கேற்ப இருக்கும். பேரம் பேசி டேப் சுற்றச் சொல்லாதீர்கள்.

மீட்டர்ல 12 வோல்ட் காட்டுது, ஆனா மோட்டார் சுத்தலை. அப்போ மோட்டார் போச்சுதானே?

அவசரப்பட வேண்டாம். மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முப்பது இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக் கொண்டிருந்தாலும் மீட்டருக்கு 12 வோல்ட் தெரியும். மோட்டாருக்கோ சில ஆம்பியர் வேண்டும்; அந்த ஒற்றை இழையால் தர முடியாது. இன்னொரு சிக்கல், மின்சாரம் வரும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. சாதாரண மீட்டர் எண்ணை நிலைப்படுத்தும் முன்பே அது போய்விடும்.

அதனால் நான் நம்புவது ஒரு பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பை. ஹோல்டரில் இரண்டு ஒயர் பற்றி வைத்திருக்கிறேன். அது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும், ஆக ஒயரை உண்மையாகவே சோதிக்கும். மோட்டாரின் கப்ளரை (ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பான்) கழற்றி, வண்டிப் பக்கம் உள்ள இரண்டு ஒயருக்கும் நடுவே பல்பை வைத்து லாக், அன்லாக் இரண்டையும் அமுக்குங்கள். இரண்டுக்கும் பளிச்சென்று மின்னினால் மோட்டார்தான் போயிருக்கிறது. மங்கலாக மின்னினால் ஒயரிலோ எர்த்திலோ தடை. மின்னவே இல்லை என்றால் ஒரு ஒயராவது அறுந்திருக்கிறது. எது என்று பார்க்க, பல்பின் ஒரு முனையை பாடியில் வைத்து ஒவ்வொரு ஒயராகத் தொடுங்கள்: ஒன்று பூட்டும்போது மின்ன வேண்டும், மற்றது திறக்கும்போது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பல்பை மோட்டார் ஒயரில் மட்டும் வையுங்கள். ஸ்விட்ச்சிலிருந்து மாட்யூலுக்குப் போகும் மெல்லிய ஒயர்களில் வைத்தால் மாட்யூலே போகலாம். அங்கே மீட்டர் போதும். மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட ஒயரோ கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக்.

பூட்டுது, ஆனா திறக்கலை. பாதி மோட்டார் போயிருக்குமோ?

பாதி மோட்டார் போவது என்று ஒன்று இல்லை. பூட்டுவதும் திறப்பதும் அதே மோட்டார், அதே இரண்டு ஒயர். அவற்றில் ஒன்று அறுந்தாலும் இரண்டு வேலையும் நிற்கும். ஒரு பக்கம் நன்றாகச் சுற்றுகிறது என்றாலே ஒயரும் மோட்டாரும் பெரும்பாலும் தப்பித்துவிட்டன என்று அர்த்தம்.

எல்லாக் கதவும் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் ரிலேயையோ மாட்யூலையோ பாருங்கள். ஒரே கதவு என்றால் அநேகமாக லாச்சோ கம்பியோ இறுகியிருக்கும், திறக்கும் பக்கம் மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை. கையால் குமிழைத் தூக்கி இறக்கினால் விரலுக்கே தெரிந்துவிடும். இதற்கு விதிவிலக்கு ஓட்டுநர் கதவு: முதல் அமுக்கில் ஓட்டுநர் கதவு, இரண்டாவதில் மற்றவை என்று திறக்கும் கார்களில் அந்தக் கதவைத் திறக்கத் தனி ரிலே இருக்கும்.

பூட்டின உடனே 'டக்'னு தானா திறந்துக்குது. என்ன செய்ய?

மாட்யூல் ஏமாந்திருக்கிறது. ஏதோ ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்றோ, ஓட்டுநர் கதவு பூட்டவில்லை என்றோ அதற்குத் தவறான செய்தி போகிறது. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு மீட்டர் பலகையில் கதவு விளக்கு எரிகிறதா, உள்விளக்கு அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். எரிந்தால் கோளாறு, கதவு சாத்தியதைச் சொல்லும் டோர் ஸ்விட்ச்சில்.

வெளியில் போட்ட கிட் என்றால் வேறு காரணம். ஓட்டுநர் கதவின் ஐந்து ஒயர் மோட்டார் கம்பி சற்றே நகர்ந்து, முழுத் தூரமும் போகாமல் நிற்கும். உள்ளே இருக்கும் ஸ்விட்ச் 'இன்னும் திறந்திருக்கு' என்று சொல்ல, பெட்டி எல்லாவற்றையும் திறந்துவிடும். கம்பியைப் பிடிக்கும் திருகைத் தளர்த்தி சில மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். இதற்கு மோட்டார் மாற்றியவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பிள்ளை ரிமோட்டை வச்சு விளையாடினான், அதுக்கப்புறம் எதுவுமே வேலை செய்யலை.

கால் மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி அமுக்கிப் பாருங்கள். தொடர்ந்து இயக்கினால் மோட்டார் சூடாகி எரியாமல் இருக்க, உள்ளேயே ஒரு பாதுகாப்பு இருக்கும். ஆறியதும் தானாக விட்டுவிடும். சில கார்களில் மாட்யூலே கொஞ்ச நேரம் உத்தரவை நிறுத்தி வைக்கும்.

பின் கதவு உள்ளிருந்து திறக்கலை, லாக் ஒயர் போச்சா?

வெளியிலிருந்து திறக்கிறதா? அப்படியென்றால் அது சைல்டு லாக். கதவின் விளிம்பில் லாச்சுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன நெம்பை மாற்றினால் சரி. இதற்காகக் குலசேகரத்திலிருந்து வண்டி ஓட்டி வர வேண்டாம்.

மழை பெய்தா மட்டும் மக்கர் பண்ணுது. நம்ம ஊர்ல ரெண்டு மழையாச்சே?

ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் பிடித்துக் கொள்வதால் நம் மாவட்டத்தில் கதவுக்குள் ஈரம் காய்வதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்புதான், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அது கீழே உள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நிறுத்தும் வண்டியில் இலைத்தூளும், முட்டம், சின்னமுட்டம் பக்கம் மணலும் துளையை அடைத்துவிடும். கதவை ஆட்டினால் 'களக் களக்' என்று கேட்டால் ஒரு மெல்லிய குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

அடுத்தது டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க அட்டைக்கு) பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் போடுகிறவர்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே பேடை மாட்டிவிடுவார்கள். அதன்பின் தண்ணீர் கப்ளர் மேல் சொட்டும். தாள் அழகுக்கு இல்லை. கிழிந்திருந்தால் புதிதாக வெட்டி, பியூட்டைல் டேப்பால் ஓரம் முழுக்க ஒட்டுங்கள்.

கப்ளர் பின்னெல்லாம் களிம்பு ஏறிப் பச்சையா இருக்கு. உப்புத்தாளால சுரண்டலாமா?

வேண்டாம். பின் மேல் இருக்கும் வெள்ளீயப் பூச்சு போய்விட்டால் அடுத்த களிம்பு இன்னும் சீக்கிரம் ஏறும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; பிளாஸ்டிக்கும் கெடும், ஆபத்தும் கூட. களிம்பு ஒயருக்குள்ளேயே ஏறி செம்பு கறுத்திருந்தால் பளபளவென்ற செம்பு வரும்வரை வெட்டிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் சில நேரம் ஒரு சாண் வரை வெட்ட வேண்டியிருக்கும்.

பியூஸ் போட்டா உடனே போகுது. 15-க்குப் பதிலா 30 போடலாமா?

போட்டால் பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். பியூஸ் போன இடத்தில் முன்பு சொன்ன அதே 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வேறு சேதம் நடக்காது. இப்போது ஒவ்வொரு கதவின் கப்ளராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ, அந்தக் கதவில்தான் ஒயர் பாடியில் உரசுகிறது. லாக்கை அமுக்கும்போது மட்டும் பியூஸ் போனால், யாராவது அமுக்கிக் கொண்டிருக்க நீங்கள் பல்பைப் பாருங்கள். தோப்புக்குள் ஷெட்டில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த இடத்தையும் தேடிவிடுங்கள்.

நான் வளைகுடால வேலை பாக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா கார் திறக்கவே மாட்டக்கு.

வண்டி நின்றாலும் மாட்யூல்கள் கொஞ்சம் மின்சாரம் குடித்துக் கொண்டேயிருக்கும். எல்லாம் தூங்கியபின் 50 மில்லி ஆம்பியர் வரை போவது சகஜம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ ஒரு மாதத்தில் காலி. அதனால் இது லாக்கின் கோளாறே இல்லை. ஸ்மார்ட் கீ என்றால் அதற்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். ஓட்டுநர் கதவை அதால் திறக்கலாம். சில கார்களில் சாவித் துளைக்கு மேல் ஒரு மூடி இருக்கும்.

ஊருக்குப் போகும் முன் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, மற்ற கதவுகளைக் குமிழால் பூட்டி, ஓட்டுநர் கதவை இரும்புச் சாவியால் பூட்டுங்கள். அந்தச் சாவித் துளை வேலை செய்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது சோதித்து வையுங்கள், ரிமோட் வந்தபின் யாரும் தொடாததால் உள்ளே துருப்பிடித்துக் கிடக்கும்.

சாவி உள்ள, குழந்தையும் உள்ள, லாக் விழுந்திருச்சு. யாரைக் கூப்பிட?

எலக்ட்ரீசியனை அல்ல. 112-க்கு அடியுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வெப்பம் மிக வேகமாக ஏறும். குழந்தை சோர்ந்தால் காத்திருக்காமல், குழந்தைக்குத் தள்ளியிருக்கும் சின்னக் கண்ணாடியை உடைத்துவிடுங்கள்.

ஆன்லைன்ல விக்கிற ஓபிடி ரீடர் வாங்கினா லாக் கோளாறு தெரியுமா?

ஓபிடி ரீடர் என்பது காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி. விலை குறைந்தவை பெரும்பாலும் என்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். கதவு, லாக் எல்லாம் 'பி' என்று தொடங்கும் பாடி குறியீடுகள். அவற்றைப் படிக்க அந்த கம்பெனி மாட்யூலோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். பியூஸ், எர்த், ரப்பர் உறை எல்லாம் பார்த்து முடித்தபின் அங்கே போனால் போதும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி. கம்பெனி ரிமோட்ல பூட்டினா அலாரம் அடிக்குது, இன்னொரு ரிமோட்ல பூட்டினா ரெண்டு கதவு மட்டும் பூட்டுது. எதைக் கழற்றணும்?

பழைய சொந்தக்காரர் கம்பெனி லாக் மேல் வெளி அலாரத்தை ஏற்றியிருக்கிறார். இரண்டு பெட்டியும் ஒரே ஒயருக்கு எதிரெதிர் உத்தரவு கொடுக்கின்றன. ஒரு பெட்டி பிளஸ் கொடுக்கும் நேரத்தில் மற்றது அதே ஒயரை எர்த்தில் பிடித்திருந்தால் பியூஸ் போகும்.

வெளியில் போட்டதைத்தான் கழற்ற வேண்டும், ஆனால் சும்மா வெட்டி எறிய முடியாது. பொருத்தும்போது கம்பெனி ஒயரை நடுவில் வெட்டி, இரண்டு முனையையும் கிட் வழியாகக் கொண்டு போயிருப்பார்கள். கிட்டை எடுத்ததும் அந்த முனைகளைத் திரும்பச் சேர்க்காவிட்டால் கம்பெனி லாக்கும் சேர்ந்து செத்துவிடும். கிட் ஒயர் நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அதனால் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றாக, மோட்டார் ஒயருக்குப் பல்பும் மெல்லிய ஒயருக்கு மீட்டரும் வைத்து அடையாளம் கண்டு, சீட்டு ஒட்டி, மொபைலில் படம் எடுத்துக் கொண்டு கழற்றுங்கள். இக்னிஷன் ஒயரையும் அலாரம் வழியாக விட்டிருந்தால் அதையும் நேராக இணைக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.